அக்காவின் கையும் ஒரு பால் மங்கும்

1926 ஜூலை 5, திங்கள்

காலையிலிருந்து மழை. விடுதி மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் குனோங் ராபாட் மலைகள் இன்று தெரியவே இல்லை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. ஈரப் பாவாடையோடு வகுப்பு.

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காக எதையும் சேர்க்கக் கூடாது. வெட்கத்துக்காக எதையும் விடக் கூடாது. மற்ற இடங்களில் எப்படியோ, இந்த நோட்டுக்குள் பொய் கிடையாது.

பெரியவளான பிறகு நானே படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சில விவரங்கள்:

அப்பா: பத்து காஜாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவர்.
அக்கா: தனபாக்கியம். தையல்காரி. தோட்டத்தில் பாதிப் பெண்கள் அவள் தைத்த ரவிக்கைதான் போடுகிறார்கள். இல்லை, போட்டார்கள்.
நான்: ஈப்போவில் மிஷன் பெண்கள் பள்ளி. விடுதி வாசம்.
அவன்: எங்கள் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவன், அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்குகிறவன். முழுப் பெயரையும் எழுதி நோட்டைக் கெடுக்க மாட்டேன். அ. என்றால் போதும்.

போன மாத விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோது, அ. பால் கத்தியால் அக்காவின் வலது கையைக் கிழித்தான். முழங்கைக்குக் கீழே. நரம்பு அறுந்துவிட்டது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மடங்குகின்றன. மற்ற மூன்றும் விறைத்து நிற்கின்றன. நடுவிரல் தாங்காமல் ஊசி பிடிக்க முடியாது. தைப்பிங்கில் பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டார், காயம் ஆறட்டும் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அ. இப்போது பத்து காஜாவில் அடைபட்டிருக்கிறான். அடுத்த வாரம் வியாழக்கிழமை கோர்ட். வெட்டியதைப் பார்த்த ஒரே சாட்சி நான்.

அவனுக்கு நடக்க வேண்டியவை:
1. ரோத்தான் பிரம்பால் அடி. எத்தனை அடி என்று என்னைக் கேட்டால் நல்லது.
2. ஜெயிலில் கல் உடைக்க வேண்டும். வலது கையால்.
3. சோற்றிலும் கல்.
4. யாரும் பார்க்க வரக் கூடாது. (அவனுக்கு யாருமில்லை. மனைவியும் செத்துவிட்டாள். இது தானாக நடந்துவிடும்.)
5. தினமும் அக்காவின் கையை நினைக்க வேண்டும்.

அம்மா கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்தது. விடுதித் தோழி எஸ்தர் பாதியைத் தின்றுவிட்டாள்.


ஜூலை 6, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. கணக்கில் இரண்டு தப்பு. இரண்டும் கவனக் குறைவு.

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். முதல் நாளே விதியை மீறியாகிவிட்டது. இன்று எழுதுகிறேன்.

அ. வெட்டிய அன்று மத்தியானம். அக்கா முன் வராந்தாவில் கயிற்றுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. நான் ஜன்னலுக்கு உள்ளே, புத்தகத்தோடு. அ. படியேறி வந்தான். கையில் வேலைக்குக் கொண்டுபோகும் வாளி, இடுப்பில் கத்தி. அப்பாவைப் பார்க்க வருகிறான் என்று நினைத்தேன்.

கட்டிலருகே குந்தினான். தோள் துண்டால் அக்காவின் கையை மேலிருந்து கீழாக மெல்லத் துடைத்தான். மரத்தின் பட்டையை அப்படித்தான் துடைப்பார்கள். பிறகு வாளியிலிருந்து ஒரு மங்கு எடுத்தான். மரத்தில் வெட்டுக்குக் கீழே பால் வடிய வைப்பார்களே, அந்தச் சின்னப் பீங்கான் கிண்ணம். அதை ஊதித் தூசி போக்கி, அக்காவின் விரல்களுக்கு நேர் கீழே தரையில் வைத்தான். நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தான். கொஞ்சம் நகர்த்தினான். அதன் பிறகுதான் வெட்டினான். சாய்வாக, ஒரே இழுப்பு.

அக்கா அலறினாள்.

“அசையாத, அசையாத. பட்டை பிஞ்சிரும்” என்றான்.

மங்குக்குள் பார்த்தான். முகம் மாறிவிட்டது. “பால் செவப்பா வருதே” என்றான். அப்புறம் அவனே வாசலுக்கு ஓடிக் கத்தினான்: “தாரு கொண்டாங்க, யாராச்சும் தாரு கொண்டாங்க.” வெட்டு ஆழமாகிவிட்டால் மரத்துக்குத் தார் பூசுவது வழக்கம். அக்காவின் சத்தத்தைவிட அவன் சத்தம்தான் பெரிதாக இருந்தது. கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து அவனை அடித்துக் கட்டிப்போட்டார்கள்.

தோட்டத்து டிரசர் அக்காவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: “புத்தி கெட்டவன்னு கோர்ட்டுல தெரிஞ்சிச்சுன்னா ஜெயில் இல்லீங்க. தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிருவாங்க.” பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் அது.

அதைக் கேட்டதும் வராந்தாவுக்குப் போனேன். கட்டிலுக்குக் கீழே மங்கு அப்படியே இருந்தது. பாதி நிறைந்திருந்தது. பின்பக்கம் கொண்டுபோய் அம்மிக் குழவியால் உடைத்தேன். துண்டுகளைச் சாக்கடையில் போட்டேன்.

போலீஸ்காரரிடம், “கத்தியால் வெட்டினான்” என்றேன். அது உண்மை. மங்கு பற்றி அவர் கேட்கவில்லை.

அவன் துடைத்ததை, தலை சாய்த்துப் பார்த்ததை, தார் கேட்டதை யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் அவனை ஐயோ பாவம் என்பார்கள். அக்காவுக்குச் சேர வேண்டிய ஐயோ பாவத்தை அவனுக்குத் தூக்கிக் கொடுக்க நான் தயாரில்லை.


ஜூலை 8, வியாழன்

மத்தியானம் மீன் குழம்பு. முள் அதிகம்.

அடுத்த கட்டில் எஸ்தரின் அப்பா தஞ்சோங் ரம்புத்தானில்தான் வேலை பார்க்கிறார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இத்தனை நாள் நான் விசாரித்ததே இல்லை. இன்று முள்ளை ஒதுக்கிக்கொண்டே சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டேன்.

“அங்க சாப்பாடு எப்படி?”

“காலையில ரொட்டி. மத்தியானம் சோறு, மீனு. ஞாயித்துக்கிழமை வாழப்பழம். நம்ம விடுதிக்கு மேல்.”

“அடிப்பாங்களா?”

“எங்கப்பா அடிக்க மாட்டாரு. பாட்டுப் பாடுவாரு. அது அடிய விட மோசம்.”

“கல்லு ஒடைக்கணுமா?”

“கல்லா? கத்திரிக்கா போடுறாங்க, வெண்டிக்கா போடுறாங்க. ஏன், நீ சேரப் போறியா? எங்கப்பாகிட்ட எடம் கேக்கச் சொல்லவா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கத்திரிக்காய். அக்காவின் கை போய்விட்டது, அவனுக்குக் கத்திரிக்காய்த் தோட்டம், ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழம். மங்குக் கிண்ணத்தை உடைத்தது நல்லதாயிற்று. துண்டுகளை இன்னும் பொடியாக்கியிருக்க வேண்டும்.


ஜூலை 10, சனி

ரயிலில் பத்து காஜா. அங்கிருந்து மாட்டு வண்டி. வழியெல்லாம் ஈயம் தோண்டும் லம்பத்தின் வெள்ளை மணலில் கண் கூசியது.

அக்கா கட்டை அவிழ்த்துக் காட்டினாள். தையல் போட்ட தழும்பு சிவப்பாக, சாய்வாக. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“எடது கையால ரவிக்கை வெட்டிப் பாத்தேன். பெரிய கங்காணி சம்சாரத்துக்கு. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.”

“என்ன சொன்னாங்க?”

“புது மோஸ்தர்னு சொல்லிட்டேன். போட்டுக்கிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கா.”

அம்மா சிரிக்கவில்லை. அம்மா இப்போதெல்லாம் அக்காவுக்குச் சோறு பிசைந்து தர வருகிறாள். அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மூலைக்குப் போய் இடது கையால் சாப்பிடுகிறாள்.

விளக்கு வைத்த பிறகு கேட்டேன், “அக்கா, அவனுக்கு என்ன ஆகணும்?”

“எனக்கு வெரலு மடங்கணும். அவனுக்கு என்னமோ ஆவட்டும்.”

இது போதாது. அவளுக்கும் சேர்த்து நான்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.


ஜூலை 11, ஞாயிறு

காலையில் பெரிய கங்காணி வந்தார். (இனி பெ.க.) தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்ப்பவர் அவர்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது அவர் குரலுக்கு நாய்கூட வரிசையில் நிற்கும் என்பார்கள். வெள்ளைத் தலைப்பாகை, தங்கக் கடுக்கன்.

“சின்னப் பாப்பாதான் சாட்சியா? என்னம்மா சொல்லப் போற?”

“பார்த்ததை.”

“பாத்ததுல பாதி போதும்லா. குடிச்சிட்டு வந்தான், வெட்டினான். அவ்வளவுதான் கத.”

நான் உள்ளே வந்து ஜன்னலடியில் உட்கார்ந்துகொண்டேன். குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் சொன்னது முழுவதும் கேட்டது.

“கிராணி ஐயா, பைத்தியம்னு மட்டும் வெளிய வரக் கூடாது. தோட்டத்துத் தொரை என்ன கேப்பாரு? எப்பத்துலேருந்து இப்பிடின்னு கேப்பாரு. ஏன் எங்கிட்ட சொல்லலன்னு கேப்பாரு. ரெண்டு பேரு தலையும் உருளும்.”

“நான் அப்பவே சொன்னேன், அங்கமுத்துவ ஆஸ்பத்திரியில காட்டுங்கன்னு.”

“சொன்னீங்க. நானும் சரின்னேன். அதோட நீங்களும் விட்டுட்டீங்கல்ல.”

அப்பாவின் நாற்காலி முனகியது.

பெ.க. போன பின் அக்காவைக் குடைந்தேன். எப்பத்துலேருந்து என்றால் என்ன அர்த்தம்?

“நீ ஈப்போவுல இருந்த. ஒனக்குத் தெரியாது” என்றாள். தை மாதத்தில் அ.வின் மனைவி காய்ச்சலில் செத்தாளாம். அதன் பிறகு அவன் மரத்தை விட்டுவிட்டுத் தூண்களை வெட்ட ஆரம்பித்தானாம். லயத்துத் தூண், மாட்டுக் கொட்டகைத் தூண். கீழே மங்கு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காத்திருப்பானாம். பெ.க.வுக்கு அது பெரிய வேடிக்கை. அடுத்த தோட்டத்திலிருந்து கங்காணிகள் வந்தால் அவனைக் கள்ளுக்கடைக்கு அழைத்து வரச் சொல்வாராம். ஒரு தூணுக்கு ஒரு சிரட்டை கள்ளு.

“அதுக்கு முன்னாடி அவன் குடிச்சவனே இல்ல. இவங்கதான் ஊத்தி ஊத்திப் பழக்குனது. ‘பால் வருதாடா அங்கமுத்து’ன்னு கேப்பாங்களாம். அவன், ‘இன்னும் எளசுங்க, அடுத்த வருசம் வரும்’பானாம். ஒரே சிரிப்பாம்.”

“நீ பார்த்தியா?”

“கள்ளுக்கடைக்கு நான் எதுக்குப் போறேன்? இங்க கெணத்தடித் தூண வெட்டினப்ப பாத்தேன். நான் சிரிக்கல. பயமா இருந்துச்சு.”

சாயங்காலம் ஆற்றுப் பக்கம் போவதாகச் சொல்லிவிட்டுக் கள்ளுக்கடைப் பின்புறம் போனேன். கடை மூடியிருந்தது. நாற்றம். தூண்கள் எல்லாவற்றிலும் வெட்டு. ஒன்றன் கீழ் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி. வெட்டின் முடிவில் பால் இறங்க ஒரு கோடு, அதன் அடியில் தகரம் செருகிய ஓட்டை. எல்லாம் ஒரே சாய்வு. நேற்று அக்காவின் கையில் பார்த்த அதே சாய்வு.

அங்கே நின்று பழகினான் அவன். பழக்கியவர் கடுக்கன் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பாதி போதும் என்கிறார்.

பட்டியலில் இரண்டாவது பெயர்: பெ.க.

ஆனால் சிக்கல். மங்கு பற்றிச் சொன்னால் பெ.க. மாட்டுவார், அ. கத்திரிக்காய்த் தோட்டத்துக்குத் தப்பிப்பான். சொல்லாவிட்டால் அ. மாட்டுவான், பெ.க. தப்பிப்பார். ஒரு பழியை எடுத்தால் ஒரு பழி கையை விட்டுப் போகிறது. ரயிலில் திரும்பும் வழியெல்லாம் இதே யோசனை. காற்றில் தொப்பி பறந்துவிட்டதாக ஒரு சீனர் எழுந்து கத்தினார். தொப்பி அவர் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.


ஜூலை 13, செவ்வாய்

தலைவலி. தையல் வகுப்பு. நான் போட்ட சங்கிலித் தையலை டீச்சர் பிரிக்கச் சொன்னார். அக்கா என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள்.

எஸ்தருக்கு நான் தலை பின்னிவிடும்போது கேட்டேன், “தஞ்சோங்குல எத்தன வருசம் வெச்சிருப்பாங்க?”

“அது என்ன ஜெயிலா, வருசம் சொல்ல? நாள் குறிக்க மாட்டாங்க. கோர்ட்டுலேருந்து அனுப்புனவங்கன்னா மேலேருந்து உத்தரவு வரணும். வர்ற வரைக்கும் அங்கதான்.”

“வராமலே போனா?”

“அங்கதான். எங்கப்பா வேலைக்குச் சேந்த அன்னைக்கு ஒருத்தர் வாசல்ல நின்னு சலாம் வெச்சாராம். இன்னும் தெனம் வெக்கிறாரு. குணமாச்சுன்னா சிலபேரு போவாங்க. ஏய், முடிய இழுக்காதடி.”

இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. சந்தோஷத்தில்தான்.

ஜெயில் என்றால் ஒரு வருடமோ இரண்டு வருடமோ. முடிந்ததும் வெளியே வந்து அதே லயத்தில் நிற்பான். தஞ்சோங் என்றால் முடிவு தேதியே இல்லை. கத்திரிக்காய் தின்னட்டும். ஆயுள் முழுக்கத் தின்னட்டும்.

ஆகவே மங்கு பற்றிச் சொல்ல வேண்டும். அ.வும் போவான், பெ.க.வும் மாட்டுவார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். உண்மை பேசுவதில் இவ்வளவு லாபம் இருப்பதாக எந்த நீதிநெறிப் பாடத்திலும் எழுதவில்லை.

அப்பாவின் தலையும் உருளும் என்று பெ.க. சொன்னாரே. அதை யோசித்தேன். யோசித்துவிட்டு எழுதாமல் விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்: பரவாயில்லை என்று தோன்றியது.


ஜூலை 15, வியாழன்

புழுக்கம். மழை வருவதுபோல் இருந்து வரவில்லை. பத்து காஜா கோர்ட்.

மேலே மின்சார விசிறி. மாஜிஸ்திரேட் துரை இளைஞர், மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் மூக்குக்கண்ணாடி போட்ட தமிழர். முன் வரிசையில் எங்கள் தோட்டத்துத் துரை. பின்னால் பெ.க., புதுத் தலைப்பாகை. அப்பா, அக்கா ஒரே பெஞ்சில். அக்காவின் கை துணித் தொட்டிலில்.

அ.வைக் கொண்டுவந்தார்கள். இளைத்திருந்தான். ஒரு கண் இன்னும் வீங்கியிருந்தது. எனக்கு வருத்தமில்லை. கூண்டின் மரச்சட்டத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

சத்தியம் செய்தேன். கேள்விகள்.

வெட்டியது யார்? காட்டினேன். குடித்திருந்தானா? எனக்கு வாடை வரவில்லை. வாய்ச்சண்டை உண்டா? இல்லை. பிறகு ஏன் வெட்டினான்?

“பால் எடுக்க” என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா?”

எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு, மங்கு, தலை சாய்த்தது, பால் சிவப்பாக வருகிறது என்றது, தார் கேட்டது. அவர் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லச் சொல்ல, மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்த மங்கு எங்கே?”

“உடைத்துவிட்டேன்.”

“ஏன்?”

“அவன் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்பதற்காக.”

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“இப்போது ஏன் சொல்கிறாய்?”

“சத்தியம் செய்திருக்கிறேன்” என்றேன். அது உண்மைதான். முழு உண்மை செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது.

எப்படி வெட்டினான் என்று காட்டச் சொன்னார்கள். என் கையை நீட்டி மறு கை விரலால் இழுத்துக் காட்டினேன். அப்போது கூண்டிலிருந்து அ. பேசினான். கோபமே இல்லை. பெரட்டில் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கும் குரல்.

“பாப்பா, அது மாத்தி. எடது பக்கம் ஒசரத்துலேருந்து வலது பக்கம் எறங்கணும். மாத்தி வெட்டினா பால் கம்மியாத்தான் வரும்.”

போலீஸ்காரர் அவனை அதட்டினார். அவன் கேட்கவில்லை. எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

“அந்த மரத்துக்குத் தாரு பூசினாங்களா?”

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை.

“பூசியாச்சு” என்றாள் அக்கா. உட்கார்ந்த இடத்திலிருந்தே.

“நல்லது. எளசு மரம்” என்று சொல்லிவிட்டு அவன் தரையில் உட்கார்ந்தான்.

பிறகு மாஜிஸ்திரேட் என்னிடம் கேட்டார்: இவன் இதற்கு முன்பும் இப்படி இருந்தது யாருக்காவது தெரியுமா? இதற்காகத்தான் காத்திருந்தேன். “எல்லோருக்கும் தெரியும். கள்ளுக்கடைத் தூண்களைப் போய்ப் பாருங்கள். பெரிய கங்காணி ஒரு தூணுக்கு ஒரு சிரட்டை கள்ளு கொடுத்து வெட்டச் சொல்வார். என் அப்பாவுக்கும் தெரியும்.”

எங்கள் தோட்டத்துத் துரை மெதுவாகத் திரும்பிப் பெ.க.வைப் பார்த்தார். நான் அந்தப் பார்வையை முழுவதும் பார்த்தேன். பெ.க. தலைப்பாகையைத் தொட்டார், கடுக்கனைத் தொட்டார். கைக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. மிகவும் நன்றாக இருந்தது. பொய் எழுதக் கூடாதல்லவா: மிக மிக நன்றாக இருந்தது.

உத்தரவு: டாக்டர்கள் பார்த்து எழுத வேண்டும். அதுவரை ஜெயில் இல்லை. தஞ்சோங் ரம்புத்தான்.

வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டேன், “எதுக்கு அவனுக்குப் பதில் சொன்ன?”

“கேட்டான், சொன்னேன்.”

“உன் கைய வெட்டினவன்.”

“எனக்குத் தெரியாதா யாரு கைன்னு? சொல்லலன்னா அவன் கேட்டுக்கிட்டே இருப்பான். கேக்கக் கேக்க எனக்கு இங்க வலிக்குது.” தழும்பைக் காட்டினாள்.

அப்பா ஸ்டேஷன் வரை வந்தார். ரயில் வரும்போது டிக்கெட்டை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார், “நீ சொன்னதுல பொய் எதுவும் இல்ல. அதான் எனக்குக் கோவம்.”

ஜெயித்தேன் என்று நினைக்கிறேன். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.


ஆகஸ்ட் 14, சனி

பரீட்சை, காய்ச்சல். இத்தனை நாள் நோட்டைத் தொடவில்லை. இன்று வீட்டில்.

செய்திகள்:
பெ.க. போய்விட்டார். தோட்டத்துத் துரை அவரைப் பெரட்டுக்கு முன்னால் நிற்க வைத்துக் கணக்கை முடித்து அனுப்பினாராம். ஜெலாப்பாங்கில் மச்சான் வீட்டில் இருக்கிறாராம்.
அப்பாவைத் துரை கூப்பிட்டு வைதாராம். வேலை இருக்கிறது. அப்பா என்னிடம் இப்போது கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறார். எனக்கு அது பிடிக்கவில்லை.
கள்ளுக்கடைக்குப் புதுத் தூண்கள். பழையவற்றை விறகுக்கு வெட்டிவிட்டார்கள்.
தைப்பிங்கிலிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. “அவங்களுக்குக் கை மட்டும்தான் வேணும்னா கடையில வாங்கிக்கட்டும்” என்கிறாள் அக்கா. ஆனால் தபால்காரர் வரும் நேரத்தில் வாசல் பக்கம்தான் அவளுக்கு வேலை இருக்கிறது.

முக்கியமான செய்தி கடைசியில். அக்காவின் நடுவிரல் மடங்குகிறது. முழுதாக இல்லை. பாதி. அம்மா தினமும் வெந்நீரில் கையை வைத்து நீவி விடுகிறாள். என் முன்னால் அக்கா ஊசியைப் பிடித்துக் காட்டினாள். கட்டை விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில். நாலு தையல் போட்டாள். கோணல். நான் போடுவது போல் இருந்தது.

“ஒன் டீச்சர் பிரிக்கச் சொல்லுவாங்களா?” என்றாள். நெற்றியெல்லாம் வியர்வை.


ஆகஸ்ட் 16, திங்கள்

காலையில் பனி மூட்டம், மத்தியானம் நல்ல வெயில். பூகோளத்தில் முதல் மதிப்பெண். எஸ்தரிடம் அக்காவின் நடுவிரலைப் பற்றிச் சொன்னேன். இரவு சாப்பிட்ட பிறகு அவள் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். அவளும் சனிக்கிழமை வீட்டுக்குப் போய் வந்தவள்.

“ஒன் ஆளப் பத்தி எங்கப்பா சொன்னாரு.”

“என் ஆள் இல்லை.”

“சரி, அங்கமுத்து. டாக்டருங்க எழுதிட்டாங்களாம். மேலேருந்து உத்தரவு வர்ற வரைக்கும் அங்கதானாம்.”

நான் கேட்ட அதே தண்டனை. நாள் குறிக்காதது.

“மொதல்ல நடுங்கிட்டே கெடந்தானாம். கட்டில் கால நகத்தால கீறிக் கீறிப் பாத்தானாம். அப்பறம் தூங்க ஆரம்பிச்சானாம். நல்லாத் தின்னானாம். கத்திரித் தோட்டத்துக்கும் போனானாம். இப்ப தெளிஞ்சு வருதாம்.”

“தெளிஞ்சா?”

“ஒரு நாளு எங்கப்பாவக் கேட்டானாம், நான் எதுக்கு இங்க இருக்கேன்னு. எங்கப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிட்டாரு. ‘மரம் இல்லையா’ன்னு கேட்டானாம். ‘இல்லப்பா, கிராணி வீட்டுப் பொண்ணு’ன்னாராம்.”

“அப்புறம்?” என்றேன்.

“அன்னைலேருந்து தோட்டத்துக்கு வர மாட்டேங்குறானாம். மண்வெட்டியக்கூடத் தொட மாட்டேங்குறான். வலது கையத் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டே ஒக்காந்திருக்கான். சோத்த எடது கையால திங்கிறான். எங்கப்பா பாட்டுப் பாடிப் பாத்தாரு, ஒண்ணும் நடக்கல.”

எஸ்தர் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

“தெனம் ஒரே கேள்விதான் கேக்குறானாம். அந்தப் புள்ளைக்கு வெரலு மடங்குதான்னு. எங்கப்பா ஒன்ன விசாரிச்சிட்டு வரச் சொன்னாரு. சனிக்கிழமை போறேன். என்ன சொல்லட்டும்?”

பெட்டியிலிருந்து இந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தேன். ஐந்தாவது: தினமும் அக்காவின் கையை நினைக்க வேண்டும். நடந்துவிட்டது. ஜெயிலுக்குப் போயிருந்தால் நடந்திருக்காது. அங்கே கல்லை வெட்டிவிட்டுப் பால் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமலே இருந்திருப்பான். ரொட்டியும் மீனும் போட்டுத் தூங்க வைத்துத் தெளிய வைத்ததால்தான் இப்போது அவனுக்கு வலிக்கிறது. நான் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்திருக்கிறது.

போதுமா என்று என்னையே கேட்டேன். மூன்று விரல். மடங்குவது ஒன்று, அதுவும் பாதி. போதாது.

“மடங்கவில்லை என்று சொல்.”

“காலையிலதானே சொன்ன, நடுவெரலு மடங்குது, ஊசி புடிக்கிறாங்கன்னு.”

“மடங்கவில்லை என்று சொல்.”

எஸ்தர் எழுந்து தன் கட்டிலுக்குப் போனாள். “ஒன் அக்கா. ஒன் இஷ்டம்” என்று போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

இந்த நோட்டுக்குள் இன்னும் பொய் இல்லை. நோட்டுக்கு வெளியே ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை ரயில் ஏறும். அங்கமுத்து அதைக் கேட்டுக்கொண்டு கையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொள்வான். நான் விரும்பியது அதுதான். ஆனால் கண் முன்னால் வருவது அது இல்லை. அக்காவின் நெற்றி வியர்வையும் அந்த நாலு கோணல் தையலும்தான்.

எஸ்தர் தூங்கவில்லை. கட்டில் முனகுகிறது. மெதுவாகக் கூப்பிட்டாலே கேட்கும். மேட்ரன் விளக்கை அணைக்க வருகிறார்.